உடலுக்கு வெளியே ரத்தத்தின் வித்து

1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அரிவாள் வடிவச் சிவப்பணு தென்னிந்தியாவிலும் உண்டு என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். இந்தியாவில் இந்த நோயைப் பற்றி வந்த முதல் அறிக்கைகளில் அது ஒன்று. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்துப் பணியர், குறும்பர், இருளர் வீடுகளில் இன்றும் பிள்ளைகள் கை கால் குத்தலோடு இரவெல்லாம் அழுகிறார்கள். ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை, ஃபோலிக் அமிலம், வலிக்கு மருந்து, தேவைப்பட்டால் ரத்தம் என்று கொடுத்து நோயை அடக்கி வைக்கலாம். வேரோடு எடுக்க வேண்டுமென்றால் உலகெங்கும் பல்லாண்டுகளாகக் கைகண்ட வழி ஒன்றுதான். பழுதான ரத்தத்தை உண்டாக்கும் செல்களை அழித்துவிட்டு, நல்ல ரத்தத்தை உண்டாக்கும் செல்களை ஏற்ற வேண்டும். அந்த நல்ல செல்லை யாரிடம் வாங்குவது என்ற இடத்தில்தான் எல்லாம் முட்டி நிற்கிறது.

மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கினாலும் கேள்வி மாறுவதில்லை. தலசீமியா வந்த குழந்தையை வைத்திருக்கும் வீட்டில் "மாசாமாசம் ரத்தம் ஏத்தணுங்க" என்பார்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி, ஏறிய ரத்தத்தோடு உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தினமும் மாத்திரை. மஜ்ஜை வறண்டுபோகும் ஏபிளாஸ்டிக் அனீமியா, மருந்துக்கு அடங்காத ரத்தப் புற்றுநோய் என்று பெயர்கள் வேறுபடும். கடைசியில் மருத்துவர் கேட்பது மட்டும் ஒன்றுதான்: "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

அந்தக் கேள்வி கொங்கு நாட்டில் கூடுதலாக வலிக்கிறது. வெள்ளையணுக்களின் மேல் இருக்கும் எச்எல்ஏ என்ற அடையாளங்கள் பொருந்தினால்தான் கொடையாளியின் செல் நோயாளியின் உடம்பில் சண்டையில்லாமல் குடியேறும். ஒரு தாய் தகப்பனுக்குப் பிறந்த இருவருக்கு அது முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. கூடப் பிறந்தவர் இருவர் இருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ 44 சதவீதம். ஒற்றைப் பிள்ளைக்கு அந்தக் கணக்கே கிடையாது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு. அதிலும் முந்திக்கொண்டு குடும்பத்தைச் சுருக்கியது கோவை, ஈரோடு, நாமக்கல் வட்டாரம். ஒன்றே போதும் என்று நிறுத்திக்கொண்ட வீடுகள் இங்கே ஏராளம். அந்த முடிவில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒன்றுக்கு ரத்தத்தில் நோய் வந்தால் வீட்டுக்குள் முழுப் பொருத்தமான கொடையாளி கிடைக்கமாட்டார். ஆகவே ரத்தத்தை உண்டாக்கும் செல்லை ஆய்வகத்தில் பெருக்க முடியுமா, புதிதாகவே உண்டாக்க முடியுமா என்று பல்லாண்டுகளாக நடக்கும் தேடலை இந்த மண்ணில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தச் செல்லின் பெயர் ரத்தக் குருத்தணு. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் அதன் வம்சம். நம் உடம்பு நொடிக்கு இருபது லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. அத்தனைக்கும் ஊற்று, வளர்ந்த ஒருவரின் உடம்பில் 50,000 முதல் 2,00,000 வரை இருக்கும் இந்தக் குருத்தணுக்கள்தாம் என்று 2018-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஊரையே ஆளும் நீர்ப்பாசனத்துக்கு அவ்வளவு சின்ன ஊற்று. இப்படி ஒரு செல் உண்டு என்பதை 1961-ல் டொரண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும் காட்டினார்கள். கதிரடித்து மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையை ஏற்றியபோது மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் முளைத்தன. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைச் செல்லின் சந்ததி என்பது பிறகு உறுதியானது. அதற்கு நான்கு ஆண்டுக்கு முன்பே, 1957-ல், டொனால் தாமஸ் மனிதர்களுக்கு மஜ்ஜை ஏற்றிப் பார்த்த முதல் முயற்சிகளைப் பதிவு செய்திருந்தார். அவருக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையும், 1986-ல் வேலூர் சிஎம்சியும் தொடங்கின. இன்று கோவையின் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

"ஆபரேஷன்" என்று ஊரில் சொன்னாலும் இதில் கத்தி இல்லை. கொடையாளிக்குச் சில நாள் ஊசி போட்டால் மஜ்ஜையிலிருந்து குருத்தணுக்கள் ரத்தத்துக்கு வந்துவிடும். இயந்திரம் அவற்றைப் பிரித்தெடுத்துக்கொண்டு மீதி ரத்தத்தைத் திருப்பிவிடும். நோயாளியின் மஜ்ஜையைக் கடும் மருந்தால் காலி செய்தபின், பையில் இருக்கும் செல்களை ரத்தக் குழாய் வழியே ஏற்றுவார்கள். அவை தாமாக எலும்புக்குள் வழி தேடிப் போய்க் குடியேறும். இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளையணு எண்ணிக்கை மேலே வரும். அதுவரை நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி என்பதே இல்லை. ஒரு சாதாரணக் கிருமி போதும், ஆளைக் கொண்டுபோக. எனவே எத்தனை செல் ஏற்றுகிறோம் என்பது உயிர்க் கணக்கு. நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல்கள், அதாவது சிடி34 என்ற அடையாளப் புரதத்தை மேலே தாங்கிய செல்கள், வேண்டும் என்பது நடைமுறை அளவு. அந்த சிடி34 கூட்டத்துக்குள்ளும் உண்மையான குருத்தணு வெகு சிலவே.

கூடப் பிறந்தவர் இல்லாதவர்களுக்கு இப்போது இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. முகம் தெரியாத கொடையாளிகளின் பதிவேடு ஒன்று. 2009-ல் சென்னையில் தொடங்கிய தாத்ரி அப்படிப்பட்டது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். 140 கோடிப் பேர் வாழும் நாட்டில், சாதிக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணம் முடித்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி எச்எல்ஏ சேர்க்கைகள் ஊறிப்போன சமூகத்தில், அது போதாது. பதிவு செய்தவர்களில் நீலகிரிப் பழங்குடியினர் எத்தனை பேர் இருக்க முடியும் என்று யோசித்துப் பார்த்தால் போதும். மற்றது பாதிப் பொருத்தம். தாய் அல்லது தகப்பனே கொடுப்பது. மாற்று முடிந்த மூன்றாம் நான்காம் நாளில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற பழைய, மலிவான மருந்தைக் கொடுத்தால் சண்டைக்கார டி செல்கள் மடிந்து குருத்தணுக்கள் தப்பிவிடும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் காட்டினார்கள். அதன்பின் ஒற்றைப் பிள்ளைக்கும் பெற்றோர் கொடையாளி ஆக முடிகிறது. ஆய்வகத்தில் செல் வளர்ப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு. அது நேர்மையில்லை. பாதிப் பொருத்த மாற்று பெருகப் பெருக, செல்லைப் பெருக்கித் தரும் தொழில்நுட்பத்துக்கான தேவையில் ஒரு பகுதி குறைந்தே இருக்கிறது. ஆனாலும் தேவை தீர்ந்துவிடவில்லை. ஒட்டாமல் போவது, ஒட்டுக்கும் உடலுக்கும் நடக்கும் பூசல், கிருமித் தொற்று எல்லாம் அங்கும் உண்டு.

ஆய்வகப் பெருக்கத்தின் கதை உண்மையில் தொப்புள்கொடியிலிருந்து சூடுபிடிக்கிறது. 1988-ல் பாரிஸில் எலியான் க்ளக்மான், ஃபான்கோனி அனீமியா வந்த ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு, அவன் தங்கை பிறந்தபோது எடுத்து வைத்த தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றிக் குணப்படுத்தினார். பிறந்த குழந்தையின் செல் என்பதால் பொருத்தம் கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும். குறை ஒன்றுதான்: அளவு. ஒரு கொடியில் 100 மில்லி தேறினால் அதிகம். பத்துக் கிலோக் குழந்தைக்குப் போதும், அறுபது கிலோ ஆளுக்குப் போதாது. அப்படியானால் அந்தச் சிறிதளவை ஆய்வகத்தில் பத்து மடங்காக்கலாமே என்று எவருக்கும் தோன்றும்.

தோன்றியதைச் செய்து முடிக்க முப்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது. ஏன் என்று புரிய, கோவைக்காரர்கள் நன்கறிந்த திசு வளர்ப்பு வாழையைப் பார்க்கலாம். வேளாண் பல்கலைக்கழக ஆய்வகத்திலோ தனியார் கூடத்திலோ ஒரு கிழங்கின் குருத்தை வெட்டிக் கண்ணாடிக் குப்பியில் ஊட்டக் கூழின் மேல் வைக்கிறார்கள். அது பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகுகிறது. ஒவ்வொன்றும் அதே ஜி-9 வாழை. தாயின் குணம் அப்படியே. ரத்தக் குருத்தணு அப்படி இல்லை. குப்பியில் போட்டால் அதுவும் பெருகத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் தான் குருத்து என்ற நிலையை இழந்து, சிவப்பணுவாகவோ வெள்ளையணுவாகவோ மாறும் பாதையில் இறங்கிவிடும். ஒரு வாரம் கழித்துக் குப்பியைப் பார்த்தால் செல்கள் கோடிக்கணக்கில் இருக்கும், விதைநெல்லாக நிற்க வேண்டியது மட்டும் காணாமல் போயிருக்கும்.

காரணம் அது வாழும் இடத்தில் இருக்கிறது. எலும்புக்குள், ஆக்சிஜன் குறைந்த ஒரு மூலையில், பக்கத்துச் செல்கள் விடாமல் அனுப்பும் சைகைகளுக்கு நடுவே, குருத்தணு பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கிறது. உறக்கமே அதன் பாதுகாப்பு. 1977-ல் மான்செஸ்டரில் மைக்கேல் டெக்ஸ்டர் மஜ்ஜையின் துணைச் செல்களையே அடியில் படுக்கையாக விரித்து, அதன் மேல் ரத்தச் செல்களைப் பல வாரம் உயிரோடு வைத்தார். 1990-களில் துணைச் செல்களுக்குப் பதிலாக அவை சுரக்கும் புரதங்களையே ஊட்டினார்கள். எண்ணிக்கை எகிறியது. நோயாளிக்கு ஏற்றினால் சில வாரம் வேலை செய்துவிட்டுத் தீர்ந்துபோயின. பெருகியது வேலைக்காரச் செல்கள். மூலச் செல் பெருகவில்லை. அந்தத் தோல்வி ஒரு தலைமுறை ஆய்வாளர்களைச் சோர்வடையச் செய்தது.

திருப்பம் 2010-ல் வந்தது. ஆயிரக்கணக்கான ரசாயனங்களை ஒவ்வொன்றாகக் குருத்தணுவின் மேல் போட்டுப் பார்த்த ஒரு குழு, எஸ்ஆர்1 என்ற சிறு மூலக்கூறு அதன் முதிர்ச்சியைத் தடுக்கிறது என்று கண்டது. அதே ஆண்டு சியாட்டிலில் கொலீன் டெலானி குழு, நாட்ச் என்ற சைகையைத் தூண்டி வளர்த்த கொடி ரத்தச் செல்களை நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தது. 2014-ல் மாண்ட்ரியாலில் கி சொவாஜோவின் குழு யுஎம்171 என்ற மூலக்கூறைக் கொண்டுவந்தது. முன்பெல்லாம் "பெருகு" என்று தூண்டினார்கள். இந்த மூலக்கூறுகளின் வேலை "மாறாதே" என்று பிடித்து நிறுத்துவது. பிரச்சினையைச் சரியான முனையிலிருந்து பிடித்தது அப்போதுதான் என்பது என் கருத்து.

2019-ல் வந்த இன்னொரு கண்டுபிடிப்பு கொங்கு நாட்டு வாசகருக்குத் தனியாகச் சுவை தரும். செல் வளர்க்கும் திரவத்தில் ரத்தப் புரதமான அல்புமினைச் சேர்ப்பது வழக்கம். அதில் ஒட்டிக்கொண்டு வரும் மாசுகளே குருத்தணுவை முதிரத் தூண்டுகின்றன என்று ஆடம் வில்கின்சன், சடோஷி யமாசாக்கி, ஹிரோமிட்சு நகௌச்சி குழுவினர் கண்டார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் போட்டது பாலிவினைல் ஆல்கஹால். சோமனூர், பல்லடம் பக்கத்துச் சைசிங் பட்டறைகளில் பாவு நூலுக்குக் கஞ்சி போடக் கலக்கும் அதே பிவிஏ. மூட்டைக் கணக்கில் விற்கும் பொருள். அந்தத் திரவத்தில் எலியின் குருத்தணு ஒரே மாதத்தில் 236 முதல் 899 மடங்கு வரை பெருகியது, குருத்துத்தன்மை கெடாமல். அவ்வளவு செல் கையில் இருந்ததால், எலியின் மஜ்ஜையைக் கதிரடித்து அழிக்காமலேயே புதுச் செல்களைக் குடியேற்றவும் முடிந்தது. மாற்றுச் சிகிச்சையில் நோயாளியை வதைப்பது அந்த முன்தயாரிப்பு மருந்துதான். அது குறைந்தால் என்ன நிம்மதி என்பதை அந்த வார்டில் ஒரு வாரம் துணைக்கு இருந்தவர்கள் அறிவார்கள். எலியில் நடந்தது மனிதரில் அப்படியே நடக்கவில்லை. மனிதச் செல்லுக்கு வேறு பாலிமரும் வேறு மூலக்கூறுகளும் தேவைப்பட்டன. அந்தக் கலவையை 2023-ல் அதே மரபில் வந்த ஜப்பானியக் குழு வெளியிட்டது.

மருந்தகத்துக்கு வந்து சேர்ந்தவை இரண்டு. 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்டிஏ ஓமிடுபிசெல் என்பதற்கு அனுமதி கொடுத்தது. இஸ்ரேலில் உருவான முறை. கொடி ரத்தத்திலிருந்து குருத்தணுப் பகுதியைப் பிரித்து, வைட்டமின் பி3-ன் ஒரு வடிவமான நிகோடினமைடு சேர்த்து மூன்று வாரம் வளர்க்கிறார்கள். 125 பேரை வைத்து நடந்த சோதனையில், வெள்ளையணு மீள்வதற்குச் சாதாரணக் கொடி ரத்தத்தில் 22 நாள் ஆன இடத்தில், இதில் 12 நாள் ஆனது. அந்தப் பத்து நாள் என்பது கிருமிக்கும் உயிருக்கும் நடுவே இருக்கும் பத்து நாள். யுஎம்171 கொண்டு வளர்த்த செல்லுக்கு 2025 ஆகஸ்டில் ஐரோப்பாவில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ஓமிடுபிசெல்லின் அறிவிக்கப்பட்ட விலை 3,38,000 டாலர். இரண்டரைக் கோடி ரூபாய்க்கும் மேல். இந்த விலைக்கு அது கோவை அவிநாசிச் சாலை மருத்துவமனைகளுக்கு வந்து சேராது.

பெருக்குவது ஒரு பாதை என்றால், இல்லாத இடத்திலிருந்து உண்டாக்குவது இன்னொரு பாதை. 1998-ல் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து எதுவாகவும் மாறக்கூடிய செல்லை வளர்த்தார். 2006-ல் ஷின்யா யமனாகா, எலியின் தோல் செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதே நிலைக்குத் திருப்பினார். அடுத்த ஆண்டே மனிதச் செல்லிலும் அது நடந்தது. நோயாளியின் தோலையோ ரத்தத்தையோ கொஞ்சம் எடுத்து, பின்னோக்கி நடத்தி, பிறகு ரத்தக் குருத்தணுவாக முன்னோக்கி நடத்தினால் அவருக்கு அவரே கொடையாளி. கேட்க எளிது. கருவில் ரத்தம் இரண்டு மூன்று அலைகளாக உண்டாகிறது. முதல் அலைகள் கருவுக்கு உடனடியாக வேண்டிய அணுக்களை மட்டும் தந்துவிட்டு மறையும். வாழ்நாள் முழுக்க நிற்கும் குருத்தணு, நான்காம் ஐந்தாம் வாரத்தில், பெருந்தமனியின் உட்சுவர்ச் செல்களிலிருந்து மொட்டு விட்டு வருகிறது. ஆய்வகத்தில் வளர்த்தவையெல்லாம் முதல் அலையைச் சேர்ந்தவையாகவே அமைந்தன. 2017-ல் பாஸ்டனில் ஜார்ஜ் டேலியின் குழு ஏழு மரபணுக்களைக் கூடுதலாகச் செலுத்தி எலியில் நிலைக்கும் செல்களைப் பெற்றது. ஆனால் அப்படி மரபணு திணித்த செல்லை மனிதருக்குக் கொடுக்கத் துணிவு வராது.

மரபணு எதையும் திணிக்காமல் அதைச் செய்தது மெல்பர்ன் மர்டாக் குழந்தைகள் ஆய்வு நிறுவனம். எலிஸபெத் எங், ஆண்ட்ரூ எலிஃபாண்டி, எட் ஸ்டான்லி குழுவின் கட்டுரை 2024 செப்டம்பரில் நேச்சர் பயோடெக்னாலஜியில் வந்தது. வளர்ச்சிப் புரதங்களைக் கருவில் வரும் வரிசையிலும் நேரத்திலும் கொடுத்து, நடுவே வைட்டமின் ஏ வகைப் பொருள் ஒன்றைச் சரியான நாளில் சேர்த்தார்கள். கிடைத்த செல்களை உறையவைத்து, பின் உருக்கி, எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளுக்கு ஏற்றினார்கள். 25 முதல் 50 சதவீத எலிகளில் மனித ரத்தம் எல்லா வகைகளிலும் நெடுநாள் உண்டானது. பெரிய வெற்றி. அதே சமயம் பாதி எலிகளிலாவது ஒட்டவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மனிதச் சோதனை இனிமேல்தான்.

இந்தத் துறை இவ்வளவு மெதுவாக நகர்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. குருத்தணுவைப் பார்த்து இது குருத்தணு என்று சொல்ல முடியாது. மேலே இருக்கும் புரத அடையாளங்கள் குறிப்பு மட்டுமே, குப்பியில் வளர்ந்தபின் அந்தக் குறிப்பும் பொய் சொல்லும். எலிக்கு ஏற்றி, நான்கு மாதம் காத்திருந்து, அதன் மஜ்ஜையை எடுத்து இன்னொரு எலிக்கு ஏற்றி மறுபடி காத்திருந்தால்தான் தெரியும். ஒரு கலவையை மாற்றிப் பார்க்க ஓர் ஆண்டு.

இதெல்லாம் டொரண்டோ, டோக்கியோ, மெல்பர்ன். தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது? இந்தக் கட்டுரையின் நடு நரம்பு இங்கேதான் இருக்கிறது.

கோவையிலிருந்து ரயிலேறினால் ஐந்தாறு மணி நேரத்தில் காட்பாடி. அதை அடுத்த வேலூரில் சிஎம்சி வளாகத்தில், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில், குருத்தணு ஆய்வு மையம் இயங்குகிறது. அலோக் ஸ்ரீவஸ்தவா கட்டி எழுப்பிய மையம். அங்கிருந்து 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை வந்தது. கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ள ஐந்து பேர், 22 முதல் 41 வயது வரை. ரத்தம் உறையத் தேவையான எட்டாம் ஃபேக்டர் இவர்களுக்குப் பிறவியிலேயே இல்லை. லேசாக இடித்துக்கொண்டாலும் மூட்டுக்குள் ரத்தம் கசியும், ஆயுளுக்கும் ஊசி. அவர்களுடைய குருத்தணுக்களையே எடுத்து, ஆய்வகத்தில் வைரஸ் ஊர்தி ஒன்றின் மூலம் எட்டாம் ஃபேக்டரின் மரபணுவைச் சேர்த்து, திரும்ப அவர்களுக்கே ஏற்றினார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து செய்த வேலை. ஐந்து பேரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பில் ஒரு ரத்தக் கசிவுகூட இல்லை. ஐந்து பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் நோயாளியின் குருத்தணுவை உடலுக்கு வெளியே எடுத்து, திருத்தி, தரம் கெடாமல் திருப்பி வைக்கும் கைத்திறன் நம் மாநிலத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதே மையத்தில் சரவணபவன் தங்கவேலின் குழு செய்த வேலை நம் கேள்விக்கு இன்னும் நேரானது. மரபணுத் திருத்தம் செய்யக் குருத்தணுவைச் சில நாளாவது குப்பியில் வைத்தாக வேண்டும். அந்தச் சில நாளிலேயே உண்மையான குருத்தணுக்கள் குறைந்துவிடும். திருத்தியது அதிகம், நிலைப்பது கொஞ்சம் என்று ஆகிவிடும். ரெஸ்வரட்ரால், யுஎம்729, எஸ்ஆர்1 என்ற மூன்றையும் சேர்த்த கலவை, மற்ற செல்களை விட்டுவிட்டு உண்மையான குருத்தணுவையே தேர்ந்து பெருக்குகிறது என்று அவர்கள் காட்டினார்கள். எலியில் நெடுநாள் ஒட்டுதல் ஆறு மடங்கு உயர்ந்தது. திருத்திய குருத்தணுவின் பங்கு பத்து மடங்கு வரை கூடியது. மூன்றும் சிறு மூலக்கூறுகள். விலையுயர்ந்த பிரிப்பு இயந்திரம் வேண்டாம். கோடி ரூபாய்ச் சிகிச்சையை லட்சத்துக்கு இறக்குவது இத்தகைய வேலைதான் என்று நான் நம்புகிறேன்.

இதை நீலகிரியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அரிவாள் அணு நோய் உள்ள இந்தியப் பழங்குடியினர் பலருக்குக் கருவில் இருக்கும்போது உண்டாகும் ஹீமோகுளோபின் வளர்ந்த பின்னும் ஓரளவு நின்றுவிடாமல் இருக்கிறது. அது அதிகமாக உள்ளவர்களுக்கு நோய் மென்மையாக இருக்கும். இயற்கை கொடுத்த அந்தக் கவசத்தையே எல்லோருக்கும் ஆக்குவதுதான் 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்கெவி சிகிச்சை. நோயாளியின் குருத்தணுவில் ஒரு பூட்டை வெட்டிவிட்டால் கருக்கால ஹீமோகுளோபின் மறுபடி சுரக்கிறது. விலை 22 லட்சம் டாலர். அதே பூட்டை வேறு இடங்களில் திறக்கும் வழிகளை வேலூரில் மோகன்குமாரின் குழு தேடி 2022-ல் ஈலைஃப் இதழில் வெளியிட்டது. டெல்லியின் ஐஜிஐபி ஆய்வகமும் உள்நாட்டுத் திருத்தக் கருவி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. தன் செல்லே தனக்கு என்பதால் கொடையாளித் தேடல் இல்லை. ஒற்றைப் பிள்ளைக்கும், பதிவேட்டில் இனத்தாரே இல்லாத பணியர் குழந்தைக்கும் ஒரே தீர்வு.

எனவே என் மதிப்பீடு இது. தோலிலிருந்து ரத்தத்தை உண்டாக்கும் மெல்பர்ன் பாதை அழகானது, நெடுந்தூரமானது. கொடி ரத்தத்தைப் பெருக்கும் பாதை வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் பாதிப் பொருத்த மாற்று அதன் இடத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டது. நோயாளியின் சொந்தக் குருத்தணுவைச் சில நாள் கெடாமல் காத்துத் திருத்தித் திருப்பும் வேலூர்ப் பாதைதான் அடுத்த பத்தாண்டில் கொங்கு நாட்டுக்குப் பயன் தரக்கூடியது. பணம் போட வேண்டிய இடமும் அதுவே.

விலை இறங்குமா என்ற கேள்விக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டில் மூன்று நான்கு கோடி ஆகும் அதே வகைச் சிகிச்சை, இங்கே சுமார் 40 லட்சத்துக்கு வந்தது. அதுவும் ஏழைக்கு எட்டாத தொகைதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மஜ்ஜை மாற்றுக்கு இடமிருக்கிறது, தலசீமியாக் குழந்தைகளுக்குக் கோல் இந்தியா நிறுவனத்தின் திட்டம் 10 லட்சம் வரை தருகிறது. இவற்றின் வரம்புக்குள் செல் திருத்தம் வந்து அடங்க இன்னும் பல படி இறங்க வேண்டும்.

ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். பெருகும் செல்லில் பிழையும் பெருகும். மூளை நோய் ஒன்றுக்குக் குருத்தணுவில் மரபணு சேர்த்துச் சிகிச்சை பெற்ற 67 சிறுவர்களில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வகைகள் வந்ததை 2024-ல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஊர்தியாகப் போன வைரஸ் தவறான இடத்தில் அமர்ந்ததே காரணம். எல்லா ஊர்தியும் அப்படி இல்லை. ஆனாலும் இத்தகைய சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டு வரை கண்காணிக்க வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டல் சொல்வது அதனால்தான்.

இதற்கிடையே மகப்பேறு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளின் கையில் தொப்புள்கொடி வங்கியின் துண்டறிக்கை வந்து விழுகிறது. "உங்க குழந்தைக்கு உயிர்க் காப்பீடு" என்று சொல்லிப் பல ஆயிரம் வாங்குகிறார்கள். சொந்தக் கொடி ரத்தம் அதே குழந்தைக்குப் பயன்படும் வாய்ப்பு 2,500-ல் ஒன்று முதல் 2,00,000-ல் ஒன்று வரை என்றுதான் மருத்துவ இலக்கியம் கணக்கிடுகிறது. தலசீமியா போன்ற பிறவி நோய் என்றால் அந்தப் பையில் இருப்பதும் அதே பழுதான செல். குடும்பத்தில் ஏற்கெனவே நோயுள்ள பிள்ளை இருந்து, அடுத்த குழந்தை பிறக்கும்போது எடுத்து வைத்தால் அர்த்தமுண்டு. பொதுவங்கிக்குக் கொடுத்தால் யாருக்காவது உதவும். மற்றபடி கடன் வாங்கியாவது கட்ட வேண்டிய பணம் அல்ல அது. மூட்டு வலிக்கும் ஆட்டிசத்துக்கும் "ஸ்டெம்செல் ஊசி" என்று விளம்பரம் செய்யும் கிளினிக்குகளைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டும். ரத்த நோய்களுக்கான மாற்றைத் தவிர மற்ற எதுவும் முறையான சோதனைக்கு வெளியே கொடுக்கக்கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டல். காசு வாங்கிக்கொண்டு செய்தால் அது சோதனையுமல்ல.

கோவை என்ன செய்யலாம்? வேலூரைப் போல இன்னொரு ஆய்வு மையத்தை உடனே எழுப்ப முடியாது, அவசியமும் இல்லை. செல்லை எடுக்கவும், தூய அறையில் கையாளவும், உறையவைத்து அனுப்பவும், திரும்பி வந்ததை ஏற்றவும், பிறகு 15 ஆண்டு விடாமல் பார்க்கவும் தகுந்த ஒரு பொது நிலையம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை ஒட்டி வேண்டும். தூய அறையும் வெப்பக் கட்டுப்பாடும் இந்த ஊர்ப் பொறியாளர்களுக்குப் புதிதல்ல. புதிதாக வேண்டியது பயிற்சி பெற்ற ஆட்கள். மாதச் சம்பளத்தில் நிலைத்து இருக்கும் ஆட்கள்.

மலையில் இருக்கும் வேலை அதைவிட எளிது, இன்றே தொடங்கக்கூடியது. அரிவாள் அணு நோயை 2047-க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பது அதன் இலக்கு. நீலகிரியில் 1958 முதல் இருக்கும் கோத்தகிரி ஆதிவாசி நலச் சங்கமும், கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பும் எந்த வீட்டில் யாருக்கு நோய் என்று பெயரோடு அறிந்தவை. நோய் உறுதியானவரின் வீட்டாருக்கு அதே நாளில் எச்எல்ஏ பொருத்தமும் பார்த்துப் பதிந்து வைத்தால், இன்றைக்கே மாற்றுக்கு வாய்ப்புள்ள பிள்ளைகள் யார், செல் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியவர்கள் யார் என்று தெரிந்துவிடும். அதற்குப் புதிய இயந்திரம் எதையும் மலையேற்ற வேண்டியதில்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி உறையில் போட்டு, பெயரெழுதி அனுப்பினால் போதும்.